ஒரே ஒரு வாக்கு

“இடிக்கச் சொன்னவங்களை அப்படிப் பேசாதீங்க தம்பி.”

ஜெர்மனியின் லூபெக் நகரில் ஹோல்ஸ்டன்டோர் கோட்டைவாசல் எதிரே நின்று அவர் சொன்னது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். குழுவில் மற்றவர்கள் படம் எடுக்கப் போயிருந்தார்கள்.

சுற்றுலா வழிகாட்டியாக நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். 1464-இல் தொடங்கி 1478-இல் முடித்தது. சதுப்பு நிலம் என்பதால் கட்டும்போதே தெற்குக் கோபுரம் அமிழத் தொடங்கியது. பகைவன் வரும் பக்கம் சுவர் மூன்றரை மீட்டர் தடிமன், ஊர்ப் பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. ரயில் வந்த பிறகு, இதை இடித்துவிடுங்கள் என்று 1855-இல் நூற்றுக்கணக்கானோர் மனுப் போட்டார்கள். 1863-இல் நகரமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக விழுந்ததால் பிழைத்தது. அந்த இடத்தில் என் குரல் தானாக உயர்ந்துவிடும். “பேராசைக்காரர்கள் கையிலிருந்து ஒரு கை தடுத்தது” என்பேன்.

“திருச்சியில பழைய கோட்டைவாசல், மெயின்கார்டு கேட்டுல தினம் சைக்கிளோட மாட்டிக்கிட்டு நின்னவன் நான். இதை இடிச்சாத்தான் என்னன்னு நானும் நினைச்சிருக்கேன். அது பேராசையா தம்பி?”

“இடிச்சிருந்தா இன்னைக்கு எதைப் பார்க்க வந்திருப்போம் சார்?”

“வேற எதையாவது பார்த்திருப்போம்” என்றார், கோபமே இல்லாமல்.

என் கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அவர் பதிலும் பொய்யில்லை. இந்த வாசலுக்கு வெளிப்பக்கம் 1585-இல் கட்டிய இன்னொரு வாசல் இருந்தது. ரயில் நிலையத்துக்காக 1853-இல் அதை இடித்தார்கள். அதிலிருந்த லத்தீன் வாசகத்தைச் சுருக்கி, 1871-இல் பழுதுபார்த்தபோது இந்த வாசலில் பொறித்தார்கள். உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி. அந்த வாசல் எங்கே என்று என் குழுவில் எவரும் கேட்டதில்லை. அதனால் அவர் பக்கம்தான் நியாயம் என்று ஆகிவிடுமா? இல்லாமல் போனதைப் பற்றிக் கேட்க யாருக்குத் தோன்றும்?

காப்பாற்றியதும் நல்லவர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. 1933-34இல் கோபுரங்கள் மேலும் சாயாமல் நிறுத்தியது நாஜி ஆட்சிதான். உள்ளே தங்கள் புகழ்மண்டபத்தையும் வைத்துக்கொண்டது. பின்னாளில் இதே வாசல் ஐம்பது மார்க் நோட்டில் ஏறி எல்லோர் சட்டைப்பையிலும் இருந்தது. 1863-இல் கை தூக்கியவர்களுக்கு இதில் எது தெரிந்திருக்கும்?

இப்போது ‘பேராசைக்காரர்கள்’ என்று சொல்வதில்லை. ரயிலும் அந்த ஊருக்கு வேண்டியிருந்தது என்கிறேன். அது நியாயமான பேச்சு. ஆனால் கேட்பவர்களிடம் பழைய பதைப்பு இல்லை, தலையாட்டிவிட்டு நகர்கிறார்கள். நாளை அவர்கள் ஊரில் ஒரு பழைய சுவருக்கு ஆபத்து வந்தால், “சாலையும் வேணுமில்லையா” என்று என் வாக்கியத்தையே சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கூடுதலாக விழுந்த அந்த ஒரு வாக்கு, இரு தரப்பையும் நிதானமாக எடைபோட்டவருடையதா, வெறும் பிடிவாதக்காரருடையதா? பிடிவாதக்காரராக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. பொன்மலைக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.