லீவு போடாத ரிப்கன்

எங்களுக்கு வேலூர் தோட்டப்பாளையத்தில் பேப்பர் ஏஜென்சி. விடிகாலை மூன்றரைக்குச் சென்னை வண்டி கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். இணைப்பைச் செருகி, லைன் வாரியாகப் பிரித்து, ஐந்து மணிக்குள் சைக்கிளை எடுத்துவிட வேண்டும். பொங்கல், தீபாவளியை ஒட்டிச் சில நாள் பேப்பரே வராது. மற்ற நாளெல்லாம் நைனா போவார். காய்ச்சலோடும் போவார்.

மேரிலாந்தில் வேலை செய்யும் அக்கா மகன் போன மாதம் வந்திருந்தபோது ஒரு பழைய பேஸ்பால் வீடியோவைப் போட்டுக் காட்டினான். 1995 செப்டம்பர் 6, பால்டிமோர் மைதானம். ஓரியோல்ஸ் அணியின் கேல் ரிப்கன் அன்று தொடர்ந்து 2,131வது ஆட்டம் ஆடுகிறார். 1939-ல் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 2,130-ல் நின்றதிலிருந்து 56 வருடம் அமெரிக்காவில் யாரும் தொடாத கணக்கு அது. பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஐந்தாவதின் பாதியில், இனி நின்றுபோனாலும் ஆட்டம் செல்லும் என்றானதும், எதிரே இருந்த கிடங்குச் சுவரில் தொங்கிய ஆட்ட எண்ணிக்கையை மாற்றினார்கள். 22 நிமிடம் கைதட்டல் ஓயவில்லை. சக ஆட்டக்காரர்கள் அவரை வெளியே தள்ளிவிட, மைதானத்தைச் சுற்றி ஓடியபடியே வேலியோரம் நின்றவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். மேலே பார்வையாளர் அறை ஒன்றில் அவருடைய அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

சீசனுக்கு 162 ஆட்டம். அவர் விடாமல் ஆடியது 1982 மே 30-ல் தொடங்கியது. பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றார். அடித்தவர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று குனிந்து, பாய்ந்து, சுழன்று எறிய வேண்டிய இடம். 1993-ல் ஒரு கைகலப்பில் முழங்கால் பிசகி, மறுநாள் காலை எழுந்து நிற்கவே முடியவில்லை. இரவு ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அடி சரியாக விழாத வருடங்களில், சாதனைக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறார், ஓய்வெடுத்தால் நன்றாக ஆடுவார் என்று எழுதினார்களாம். எனக்கு அது ஒப்பவில்லை. 3,184 ஹிட், நம்ம சிக்ஸர் மாதிரி 431 ஹோம் ரன், இரண்டு முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர். வெறுமனே வந்து நின்றவர் கணக்கா இது?

ஆட்டத்தை விடுங்கள், இன்னிங்ஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 8,243 இன்னிங்ஸ், ஒன்றில்கூட வெளியே உட்காரவில்லை. 1987-ல் டொராண்டோவில் 18-3 என்று தோற்ற ஆட்டத்தில் அதை நிறுத்தியவர், யார் ஆடுவது என்று முடிவு செய்யும் அணியின் மேனேஜர். அந்த மேனேஜர்தான் அவருடைய அப்பா.

எங்கள் வீட்டில் அம்மா. நைனாவுக்கு 103 டிகிரி காய்ச்சல் அடித்த ஒரு மார்கழியில், சைக்கிள் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். நைனா ஒன்றும் பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே காகிதப்பட்டறை வரை போட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது மணி பத்து. கட்டைவிரலில் மை, உதடெல்லாம் வெடிப்பு. அம்மா ரசம் வைத்திருந்தார்.

ஆட்டக் கணக்கில் ரிப்கனை யாரும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 1998 செப்டம்பர் 20, யாங்கீஸுடன் ஆட்டம், அந்த வருடம் சொந்த மைதானத்தில் கடைசி. தொடங்கச் சற்று முன்னால் மேனேஜரிடம் போய், இன்று என் பேர் வேண்டாம் என்று சொன்னார். கணக்கு 2,632-ல் நின்றது. விஷயம் புரிந்ததும் எதிரணிக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். அப்புறமும் 2001 வரை ஆடினார்.

நைனாவும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டெல்லாம் பிரித்து முடித்தபின் பையை என்னிடம் நீட்டி, "இன்னிக்கு நீ போடா" என்றார். நான் ஏழரைக்குத் திரும்பியபோது வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வேலப்பாடி மாடி வீட்டுல நாயைக் கட்டியிருந்தாங்களா?"

"கட்டியிருந்தாங்க நைனா."

"கேட்டுக்குள்ளதான போட்ட?"