மோடம் போட்ட ஆடியும் செரோடோனினும்

எங்கூரு பொள்ளாச்சிப் பக்கமுங்க. ஆனி பொறந்துட்டாப் போதும், பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து காத்து ஊத ஆரம்பிச்சுரும், ஆடி முடியற வரைக்கும் மோடமும் சாரலுமாத்தான் கெடக்கும். எங்க சித்திக்கு அந்த ரெண்டு மாசமும் ஒரே வெசனம். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின்னு ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வருசம் பூரா நல்லாத்தான் இருக்காங்க, ஆடி வந்தா மட்டும் அது வேலையே செய்யறதில்லைங்கறாங்க. நான் பார்மசி படிச்சதால "ஏங்கண்ணு, கம்பெனிக்காரன் ஏமாத்தறானா"ன்னு எங்கிட்டத்தான் கேள்வி.

கேள்வி ஞாயமானதுதாங்க. அந்த மாத்திரை செரோடோனின் வழியாத்தான் வேலை செய்யுது, மூளை நரம்புக ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பற ரசாயனம் அது. மூளைக்குள்ள அது எப்படி வேலை செய்யுதுன்னு நேராப் பாக்கறது கஷ்டம், அதனால ஒரு காலத்துல சுத்துவழியா ஒரு டெஸ்ட் வச்சிருந்தாங்க. ஃபென்ஃப்ளூரமின்னு ஒரு மாத்திரை, ஒடம்பு எளைக்கறதுக்கு வித்தது, இதய வால்வைக் கெடுக்குதுன்னு 1997ல அமெரிக்காவுல வாபஸ் வாங்கிட்டாங்க (இப்ப ஒரு வகை வலிப்புக்குன்னு திரும்ப வந்திருக்கு, அது தனிக் கதை). அதக் குடுத்தா நரம்புல இருக்கற செரோடோனின் வெளிய வரும், அது மூளைக்கு அடியில இருக்கற ஹைப்போதலாமஸ்ங்கற பகுதிய உசுப்பும், அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி போயி ரத்தத்துல புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ஏறும். கெணத்துக்குள்ள எறங்காம மோட்டாரப் போட்டு குழாய்ல வர்ற தண்ணிய வச்சு கணக்குப் போடற மாதிரிதான்.

சிக்கல் என்னன்னா, இந்த மாதிரி டெஸ்ட்டுல ஹார்மோன் ஏறற அளவு சீசனுக்குத் தகுந்தாப்ல மாறுதுன்னு சில ஆய்வுல வந்திருக்கு. அப்ப நோயாளிகள குளிர்காலத்துலயும் நல்லா இருக்கறவங்கள வெயில் காலத்துலயும் டெஸ்ட் பண்ணி ஒப்பிட்டா, தெரியற வித்தியாசம் நோயாலயா மாசத்தாலயான்னு எவன் சொல்றது? புரோலாக்டின் வேற தூக்கத்துக்கு ஏறும், ஊசியப் பாத்து பயந்தாலும் ஏறும்.

இதவிட நேராவும் பாத்திருக்காங்க. 2002ல ஆஸ்திரேலியாவுல 101 ஆம்பளைகளுக்கு மூளையில இருந்து எறங்கற கழுத்து ரத்தக்குழாய்லயே ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. குளிர்காலத்துலதான் செரோடோனின் ஓட்டம் ரொம்பக் கம்மி, வெயில் அடிச்ச நேரம் கூடக்கூட அதுவும் கூடுச்சு. 2008ல டொரோண்டோ ஸ்கேன் ஆய்வுல, வெளிய வந்த செரோடோனினைத் திரும்ப உள்ள இழுக்கற புரதம் குளிர்காலத்துல அதிகம் பிடிபட்டுச்சு. சித்தியோட செர்ட்ராலின் அடைக்கறதே அந்தப் புரதத்தத்தான்!

ஆனா இத அப்படியே நம்மூருக்குத் தூக்கிட்டு வந்துர முடியாதுங்க. அங்கெல்லாம் கோடைக்கும் குளிருக்கும் பகல் அஞ்சாறு மணி நேரம் வித்தியாசப்படும், நமக்கு ஒண்ணேகால் மணி நேரந்தான், அதுலயும் ஆனி ஆடியில பகல் நீளமாத்தான் இருக்கு. கொறையறது மோடத்தால வெளிச்சம் மட்டும். அது போதுமா, இல்ல சாரல்னு வெளிய போகாம ஊட்டுக்குள்ளயே ஒக்காந்திருக்கறதாலயான்னு பிரிச்சுப் பாக்கவே முடியல, எனக்கென்னமோ ரெண்டாவதுதான்னு தோணுது.

இதக் கேட்டுட்டு சித்தி, அப்ப சித்திரையில வெயிலுக்கு அரை மாத்திரை போதுமில்லன்னுட்டாங்க! திடீர்னு கொறச்சா தல சுத்தும், ஒடம்புல கரண்ட் அடிச்சாப்ல இருக்கும்னு சொல்லி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு டோஸத் தொடவே இல்ல, காலைல கொஞ்ச நேரம் வெளிச்சத்துல நடங்கன்னாரு. "இதச் சொல்ல எதுக்கு ஐநூறு ரூவா பீசு"ன்னு சித்தி இன்னும் பொலம்பிட்டிருக்காங்க.