வேளச்சேரி வீடும் மறைக்கப்பட்ட வெள்ளமும்

சென்னை வேளச்சேரியில் தரைத்தள வீடு வாங்குகிறவர் முதலில் கேட்பது 2015 வெள்ளத்தைப் பற்றித்தான். நானும் கேட்டேன். “வாசற்படியோடு நின்றுவிட்டது சார், உள்ளே ஒரு சொட்டு வரவில்லை” என்றார் விற்றவர். சுவர்களில் புது வண்ணம் பளபளத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. வடிந்த பிறகு சுவரைச் சுரண்டிய பெயின்டர், பட்டிப் பூச்சுக்கு அடியில் கூடம் முழுக்க ஓடிய பழைய சேற்றுக் கறையைக் காட்டினார். எதிர்வீட்டு அம்மா வியந்தார்: “உங்களுக்குத் தெரியாதா தம்பி? 2015இல் அவர்களைப் படகில்தானே ஏற்றிப் போனார்கள்!”

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் வக்கீல் பார்த்தவைதான். வெள்ளம் வந்த கதை அவற்றில் இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் அங்கே குடியிருந்து விற்றவர்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது: விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விடுவது மோசடி.

நான் அனுப்பிய நோட்டீஸுக்கு விற்றவர் அனுப்பிய பதில், “நேரில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்கினீர்கள்.” பட்டி பூசி மறைத்த சுவரை எப்படிப் பார்ப்பது? மழை இரவில் என் வயதான தாயை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பணத்தைவிட அதுதான் ஆறவில்லை. கறையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். வழக்குத் தொடுக்கப் போகிறேன்.