களா வேலி: தோட்டத்து நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 6
கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் வரும் தோட்டத்தில், மேற்குச் சுவர் சென்ற ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. அதை மறுபடியும் எழுப்புவதற்குப் பதிலாக முள்வேலி வளர்க்கலாம் என்று தோன்றியது. லண்டனில் இருக்கும் தம்பி, தன் வீட்டு ஹாதார்ன் வேலியைப் படமெடுத்து அனுப்பி, விதை கொண்டுவரட்டுமா என்று கேட்டிருந்தான். ரோஜாவுக்கும் ஆப்பிளுக்கும் உறவான அந்தப் புதர் மே மாதத்தில் வெள்ளை வெளேரென்று பூப்பது அழகுதான். ஆனால் அதன் விதை ஈர மண்ணில் ஒன்றிரண்டு குளிர்காலம் கிடந்தால்தான் முளைக்கும். மார்கழிப் பனியே வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும் எங்கள் ஊரில் அதற்கு வழியில்லை என்று பதில் எழுதினேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, "கிணத்தடியில களா நிக்கிதே, அது ஒனக்குக் கண்ணுல படலையா?" என்றார்கள். படவில்லைதான்.

2023 ஆகஸ்ட் 8
கிணற்றடிக் களாவில் கறுத்துப் பழுத்த பழங்களைப் பிசைந்து, சதை போகக் கழுவி, இன்றே விதைத்துவிட்டேன். களா விதையை எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும். செம்மண், மணல், மக்கிய சாணி எரு கலந்த பைகளில், பைக்கு ஒன்றாக 46 விதைகள்.

2023 ஆகஸ்ட் 27
31 முளைத்திருக்கின்றன.

2024 ஜனவரி 20
பொங்கலுக்கு வந்தவர்கள் புடவையும் வேட்டியும் சிக்கிக் கிழிவதாகச் சொன்னதால், கிணற்றடிக் களாவைக் குடைபோல வெட்டி ஒழுங்கு செய்தேன். வெட்டிய இடமெல்லாம் பால் சொட்டியது. களா, அரளியும் நந்தியாவட்டையும் சேர்ந்த குடும்பத்துச் செடி. அதன் பால் கத்தரியில் பிசின்போல உறைந்து, இரண்டு அலகுகளையும் ஒட்டிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த பிறகுதான் கத்தரி திறந்தது. முள் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன்: பாதி வழியில் இரண்டாகக் கவைத்து, நுனிகள் மட்டும் பழுப்பேறியிருந்தன. ரோஜா முள்ளைப் பெருவிரலால் தள்ளினால் தோலோடு பெயர்ந்துவிடும். இது கிளையே முள்ளாக மாறியது என்பதால் அசைந்துகொடுக்கவில்லை. தம்பியின் ஹாதார்ன் முள்ளும் இந்த வகைதான்.

2024 மார்ச் 18
செய்தது தவறு. களா கிளை நுனிகளில் பூப்பது. அந்த நுனிகளைத்தான் நான் தை மாதத்தில் வெட்டித் தள்ளியிருக்கிறேன். கத்தரிக்கோல் எட்டாத கிணற்றுப் பக்கக் கிளைகளில் மட்டும், மல்லிகையை நினைவூட்டும் ஐந்திதழ் வெள்ளைப் பூக்கள் கொத்தாக நிற்கின்றன. இனிக் காய் பறித்து முடித்த பிறகுதான் வெட்டு. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய்ச் சாடியை மட்டும் என் கண்ணில் படும்படி திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

2024 ஜூலை 21
சுவர் இருந்த வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாக 24 கன்றுகள் நட்டோம். முக்காலடி ஆழத்திலேயே செம்பாறாங்கல் தட்டியதால் கடப்பாரைக்காரருக்கு இரண்டு நாள் வேலை ஆயிற்று. பழத்தோட்டமாக வைத்தால் இவ்வளவு நெருக்கம் ஆகாது. வேலிக்கு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். ஏழு பைகள் மிச்சம்.

2024 ஆகஸ்ட் 11
கிணற்றுப் பக்கக் கிளைகளில் ஒன்றரைப் படி காய் கிடைத்தது. பாதியைப் பச்சையாகவே கீறி, உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறுகாய் போட்டார்கள். பழுத்ததில் சர்க்கரை சேர்த்துக் கிளறினேன்; களாவில் பெக்டின் மிகுதி என்பதால் வேறெதுவும் சேர்க்காமலே பாகு கெட்டியாகிவிட்டது.

2024 நவம்பர் 14
வறட்சியைப் பொறுக்கும் செடிக்கு நான் வட்டப் பாத்தி கட்டியது வேண்டாத உபசாரம். மூன்று நாள் மழையில் பள்ளத்து ஓரக் கன்றுகள் ஐந்தின் அடியில் தண்ணீர் தேங்கி, இலை மஞ்சளாயிற்று. பாத்திகளை உடைத்து, தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடும்படி வெட்டிவிட்டேன். மூன்று தேறிவிடும் போலிருக்கிறது. போன இரண்டின் இடத்தில், மண்ணை மேடாக்கி, பைக்கன்றுகளை வைத்தாயிற்று. மிச்சமுள்ள ஐந்தை அடுத்த வீட்டு ஆச்சி கேட்டிருக்கிறார்கள்.