கடலோர மழைக்காலத்தில் காலில் கட்டு

காலில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, "தண்ணி படாம பாத்துக்கோங்க" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் மருத்துவமனையில் சொல்கிறார்கள். வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கையில் அதற்கு மேல் விளக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. ஆனால் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் எங்கள் இராமநாதபுரம் கரையில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மாதங்களில், அந்த ஒரு வாக்கியத்தைப் பல வாரங்கள் கடைப்பிடிப்பது வீடே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. என் அண்ணன் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டுடன் வீட்டில் இருந்தது மழைக்காலத்தில்தான். அண்ணியும் நானும் அவரைப் பார்த்துக்கொண்டதில் கற்றவற்றை, இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் கருதுவது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் உறையை நம்பிக் காலைத் தண்ணீரில் விடக் கூடாது. காலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துவிட்டு, தவறித் தெறிக்கும் துளிகளுக்காகத்தான் உறையைப் போட வேண்டும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் தண்ணீருக்கு ஒரு வழி இருக்கவே செய்யும்.

கட்டு நனைந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தால்தான் இந்தக் கவனம் தானாக வரும். மாவுக்கட்டில் இருக்கும் மாவு, ஜிப்சம் கல்லைச் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் போக்கிய பொடி. தண்ணீரில் நனைத்துச் சுற்றும்போது அது மீண்டும் ஜிப்சமாக மாறி இறுகுகிறது. அப்போது கட்டு சூடாக இருப்பதும் அந்த வேதிமாற்றத்தால்தான். 1852ஆம் ஆண்டு அன்டோனியஸ் மத்தெய்சன் என்ற டச்சுப் படை மருத்துவர் துணிச்சுருளில் மாவைத் தேய்த்துப் பயன்படுத்தும் இந்த முறையை வெளியிட்டார். அடிப்படையில் இன்றும் அதே முறைதான். இறுகிய கட்டு மறுபடி நனைந்து ஊறினால் மாவு தளர்ந்து பிசுபிசுத்து, எலும்பை அசையாமல் பிடித்திருக்கும் வலுவை இழந்துவிடும். மாவுக்குப் பதில் செயற்கை இழைப் பட்டையால் போடும் ஃபைபர் கட்டின் மேலோடு அப்படிக் கரையாது. அதனாலேயே பலர் "இது ஃபைபர், நனையலாம்" என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. இரண்டு கட்டுக்கும் உள்ளே, தோலை ஒட்டி, பஞ்சுச் சுருள் இருக்கிறது. அது நனைந்துவிட்டால் இறுகிய ஓட்டுக்குள் காற்றுப்படாமல் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து, தோல் வெளுத்து ஊறி, அரித்து, புண்ணாகி, நாற்றம் எடுக்கும் வரை போகும். தண்ணீர் தங்காத தனி உட்பஞ்சு வைத்துக் கட்டும் முறையும் இருக்கிறது. உங்கள் காலில் இருப்பது அதுதானா என்பதைக் கட்டுப் போட்ட மருத்துவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை, அது இல்லை என்றே நடந்துகொள்ள வேண்டும்.

மாவுக்கட்டாக இருந்தால் முதல் இரண்டு மூன்று நாட்கள் தனிக் கவனம் கேட்பவை. கட்டு சில நிமிடங்களில் இறுகிவிட்டாலும், அதில் மிஞ்சிய நீர் வெளியேறி முழுதாக உலர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். எங்கள் ஊரில் அடைமழை பிடித்துக் காற்றே நீர் கோத்திருக்கும் நாட்களில் இன்னும் தாமதமாகும். அந்த நேரத்தில் கட்டைப் போர்வையால் மூடுவதும், மெத்தை நனையாமல் இருக்கட்டும் என்று அடியில் ரெக்ஸின் விரிப்பைப் போடுவதும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பருத்தித் துணி போர்த்திய தலையணையில் காலை உயர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்று எல்லாப் பக்கமும் படுமாறு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை காலின் கிடையை மாற்றிக்கொடுப்பதே சரியான வழி. அடுப்பருகில் வைத்துக் காயவைக்க வேண்டாம். மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்பதுடன், தோல் சுட்டுவிடும் அபாயமும் இருக்கிறது. ஈரம் போகாத கட்டு தொட்டால் சில்லென்று இருக்கும், விரலால் தட்டினால் மந்தமான ஓசை தரும். உலர்ந்தது கணீரென்று ஒலிக்கும்.

இனிக் குளியல். முழங்காலுக்கு மேல் தொடை வரை நீண்ட கட்டாக இருந்தால், உறையின் வாயைக் கட்டத் தோலில் போதுமான இடமே இருக்காது. அவர்கள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முழங்காலுக்குக் கீழே உள்ள கட்டுக்கு, உறையின் வாய் முழங்காலைத் தாண்டித் தொடையில் உட்கார வேண்டும். கட்டின் விளிம்பை ஒட்டியே டேப் ஒட்டினால், முழங்கால் மடங்கும்போது அங்கே மடிப்பு விழுந்து வழி திறந்துவிடும்.

உறைக்கு ஜவுளிக்கடைப் பை உதவாது. மடிப்புகளிலும் கைப்பிடியின் தையலிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். எங்கள் பக்கம் இறாலும் நண்டும் அனுப்பும் பெட்டிக்குள் விரிக்கிற கெட்டியான பாலிதீன் பை கிடைக்கிறது. பயன்படுத்தாத புதிய பையாக வாங்கி, முதலில் அதில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒழுகாததை உலர்த்தி எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பையை மாட்டி வாயை ஒட்டியபின், அதற்கு மேலே தொடையைச் சுற்றி மடித்த பருத்தித் துண்டு ஒன்றைக் கட்டினால் மேலிருந்து வழியும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது பையின் வாய் அந்தத் துண்டுக்கும் மேலே வந்து அதை மூடிக்கொள்ள வேண்டும். பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் ஈரத்தோலில் பிடிக்காது, முடியையும் பிடுங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் இழுபடும் ஒட்டுப்பட்டை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் தோல் சிவந்தால் அதை விட்டுவிட வேண்டும். பழைய சைக்கிள் டியூபை அகலமாக வெட்டி வளையமாக மாட்டுவது கரையோரத்தில் பலருக்குத் தெரிந்த வழி. அகலமான பட்டையாக, ஒரு விரல் எளிதாக உள்ளே போகும் தளர்வுடன், குளிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் என்றால் அதில் தவறில்லை. கயிறு போல் மெல்லியதாக வெட்டி இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் காலுக்கு அது பெரும் கெடுதல். மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் ரப்பர் வாயுடன் ஆயத்த உறைகள் விற்கிறார்கள். கட்டு பல வாரம் இருக்கப் போகிறது என்றால் அந்தச் செலவு வீண் இல்லை; ஆனால் தொடைச் சுற்றளவை அளந்த பிறகே வாங்க வேண்டும்.

உறை மாட்டியபின், குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுள்ள காலை எதிரே உள்ள முக்காலியில், முடிந்தால் குளியலறை வாசற்படிக்கு வெளியே, நீட்டி வைக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். மேலிருந்து கொட்டும் ஷவரை மறந்துவிட்டு, வாளியும் கோப்பையுமாக, மறு பக்கத் தோளில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டால் கட்டின் பக்கம் தண்ணீர் வருவதே குறையும். தலைக்குக் குளிப்பதை உடம்புக் குளியலிலிருந்து பிரித்துவிடுவது எல்லாவற்றிலும் எளிய தீர்வு. கயிற்றுக் கட்டிலில் தலையை ஓரத்துக்கு வெளியே சாய்த்துப் படுத்துக்கொள்ள, கீழே வாளி வைத்து இன்னொருவர் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டால், கால் கட்டிலின் மறு கோடியில் உலர்ந்தபடியே கிடக்கும். நீண்ட கூந்தல் உள்ள பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. எண்ணெய்க் குளியலைக் கட்டுப் பிரிக்கும் வரை தள்ளிப்போடலாம். வழியும் நல்லெண்ணெய் கட்டின் வாய் வழியே பஞ்சில் இறங்கினால் அதை எடுக்க வழியே இல்லை.

குளித்து முடித்ததும் உறையின் வெளிப்புறத்தைத் துடைத்து, துண்டை அகற்றி, தொடையை நன்றாக ஒற்றி உலர்த்திய பின்தான் உறையைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் அப்படியே உருவினால் உறைமேல் நின்ற தண்ணீர் கட்டின் மேல்தான் வடியும். கழற்றாமல் விடுவதும் கூடாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக்குக்குள் கால் வியர்த்து, அந்த வியர்வையாலேயே பஞ்சு ஈரமாகும். மழை வரலாம் என்று காலையிலிருந்து மாலை வரை உறையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் மழையிலிருந்து தப்பி வியர்வையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குளியலைவிடக் கழிப்பறைதான் கட்டுக்குப் பெரிய சோதனை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறம் தனியாக இருக்கிறது. குந்தி உட்காரும் பீங்கான், அருகில் தண்ணீர்த் தொட்டி, எப்போதும் ஈரமான தரை. கட்டுக் காலோடு குந்தவும் முடியாது, கோப்பையால் ஊற்றும் தண்ணீர் பாதத்தில் தெறிக்காமல் தடுக்கவும் முடியாது. குளியல் நாளுக்கு ஒரு முறை. இது பல முறை, இரவிலும். மருந்துக்கடைகளில் விற்கிற, வாடகைக்கும் கிடைக்கிற கமோடு நாற்காலியைப் பீங்கான் மேல் நிறுத்தி, எதிரே சிறு முக்காலியில் காலை நீட்டிக்கொள்வதே பாதுகாப்பானது. கால்விரல் முதல் கணுக்கால் வரை மூடும் சிறு பையைக் கதவருகே ஆணியில் தொங்கவிட்டால், ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பையை மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது; ஈரத்தரையில் பிளாஸ்டிக் வழுக்கும். உள்ளே உட்கார்ந்தபின் மாட்டி, எழும் முன் கழற்ற வேண்டும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர் மறுபடி வழுக்கி விழ அந்தத் தேய்ந்த ரப்பர் போதும்.

அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை இந்தப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். தீவிலும் மண்டபத்திலும் மழை நேராக விழுவதில்லை, கடற்காற்றோடு சாய்ந்து பக்கவாட்டில் அடிக்கிறது. குடை தலையை மட்டுமே காக்கும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் உறையின் வாயை மறைத்து, அதன் மேலே மழைக்கோட்டோ கைலியோ தொங்க வேண்டும். கூரை வேயும்போது மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் படிவதைப் போலப் படிந்திருந்தால் வழியும் தண்ணீர் வெளியே இறங்கும். கைலியை உறைக்குள் சொருகினால் துணி உறிஞ்சிய நீரெல்லாம் கட்டுக்குத்தான் போகும். ஆட்டோவில் மழை அடிக்காத பக்கமாகக் காலை வைத்து உட்கார வேண்டும். வண்டியில் ஏறி அமர்ந்ததும் உறையைத் தளர்த்திவிடலாம்.

கடல்நீர் மழைநீரைவிடக் கெட்டது என்பதைக் கரையில் இருப்பவர்கள் தனியாக நினைவில் வைக்க வேண்டும். மழைநீர் பட்ட இடம் உலர்ந்தால் உலர்ந்ததுதான். கடல்நீர் உலர்ந்தாலும் உப்பு பஞ்சிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பஞ்சை மறுபடி நசநசக்க வைக்கும். மணலும் அப்படியே, விரல் இடுக்கு வழியே உள்ளே போன மணல் தோலை உராய்ந்துகொண்டே இருக்கும். கட்டோடு இருக்கும் வரை கரைக்குப் போக வேண்டாம் என்று அண்ணி சொன்னபோது, "வலை எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று அண்ணன் எழுந்தார். "வலையை தம்பி பாத்துக்கிரும். நீங்க உக்காருங்க" என்று அண்ணி ஊன்றுகோலை எடுத்து வைத்துவிட்டார். அண்ணி செய்ததே சரி. விரல்களுக்கு மட்டும் தளர்ந்த பருத்திக் காலுறை மாட்டிவைப்பது வீட்டு முற்றத்து மணலுக்கே தேவைப்படுகிறது.

வழிபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் தண்ணீரும் வழிபாடும் பிரியாதவை. ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் மூழ்க வருபவர்கள், கட்டுள்ள காலோடு கடலில் இறங்கக் கூடாது; தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வது முடியாதவர்களுக்கு வழக்கமாக ஏற்கப்பட்டதே. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்பவர்களுக்கும், கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் மஸஹ் என்ற சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. விவரத்தை மார்க்கம் கற்ற உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டு நனையலாம். மேற்புறம் சில துளிகள் மட்டும் பட்டிருந்தால் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறியின் கீழோ, முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்தோ உலர்த்தலாம். சூடான காற்று வேண்டாம். உள்பஞ்சு நனைந்திருந்தாலோ, மாவு எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே கடல்நீர் போயிருந்தாலோ, வீட்டில் வைத்துக் காயவைத்துப் பார்க்காமல் அன்றே அல்லது மறுநாளே கட்டுப் போட்ட இடத்துக்குப் போய்விட வேண்டும். கட்டை மாற்றுவது அவர்களுக்கு வழக்கமான வேலை. திட்டுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடும் நாட்களில்தான் தோல் கெடுகிறது. அரிக்கிறது என்று ஈர்க்குச்சியோ ஸ்கேலோ விட்டுச் சொறிவதும், பவுடர் கொட்டுவதும் கூடாது. நனைந்த தோல் சிறு கீறலிலும் புண்ணாகும். விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, அசைக்க முடியாமல் போனாலோ, காலை உயர்த்தி வைத்தும் குறையாமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலும் கட்டிலிருந்து நாற்றமும் சேர்ந்து வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல், எந்த நேரமானாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்துப் புறப்பட வேண்டும்.