வவுச்சர் வேண்டாம், 600 யூரோ கொடுங்கள்

ஏழு வாரம் இழுத்தடித்துவிட்டு, நேற்றுத்தான் விமானத் தாமதத்துக்கான இழப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சிங்கப்பூர் சாங்கி வந்த விமானம் இயந்திரக் கோளாறால் தாமதம். படிவம் நிரப்புவது பத்து நிமிட வேலை. வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விமான நிறுவனத்தின் முதல் பதில்: ‘செயல்பாட்டுக் காரணங்கள், இழப்பீடு கிடையாது.’ பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்! விமானத் தாமதத்துக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றிய விதி 261/2004 நிறுவனங்களுக்கு விலக்குத் தருவது அசாதாரணச் சூழ்நிலைக்கு மட்டுமே. புயல் அதில் சேரும். வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. என்ன கோளாறு, எதனால் வந்தது என்று எழுத்தில் கேட்டதும் அடுத்த கடிதத்தின் தொனியே மாறியது.

அடுத்த இழுபறி, நேரத்தைப் பற்றி. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் முழுத்தொகை 600 யூரோ. தாமதம் 3 மணி நேரத்தைத் தாண்டி 4 மணி நேரத்துக்குள் அடங்கினால் பாதியாகக் குறைக்கலாம். 3 மணி 52 நிமிடம்தான் என்றார்கள். அது சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரம். கணக்கில் வருவதோ கதவு திறக்கும் நேரம். இதற்கும் 2014-இல் தீர்ப்பு இருக்கிறது. கதவு திறந்தபோது கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம் 300 யூரோவைக் காப்பாற்றியது.

கடைசியாக வவுச்சர் நீட்டினார்கள், தொகையைக் கூட்டி. பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர் செல்லும். போடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா கிளம்புகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால்தான் இந்த விதி பொருந்தும். சிங்கப்பூரில் இப்படி நிர்ணயித்த தொகை ஏதும் சட்டத்தில் இல்லை. சென்னை, திருச்சிப் பயணத்துக்குக் கைகொடுப்பது பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைதான். அது அலைச்சலுக்குப் பணம் தராது, உண்மையில் செலவானதற்கே தரும். அதனால் டாக்சி, சாப்பாடு, ஹோட்டல் என ஒரு ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். முகப்பில் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது.

நிறுவனம் அசையவில்லையா? சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கோரலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான், மனுவை இணையத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.