அப்போஃபிஸ் கணக்கு: 399-ஐ மறந்து தொலைத்த பதினோரு நாள்

அப்போஃபிஸ் என்ற சிறுகோள் 2029-ல் பூமிக்கு எவ்வளவு கிட்டே வரும் என்று நானே போட்டுப் பார்த்த கணக்கு. நேற்று ராத்திரி திரையில் 38,003 கி.மீ. என்று வந்தது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் சொல்வது 38,012. ஒன்பது கிலோமீட்டர்தான் இடிக்கிறது. பதினோரு நாள் மண்டைக் குடைச்சலுக்குப் பிறகு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது 99942 அப்போஃபிஸ். 2029 ஏப்ரல் 13, உலக நேரம் 21:46-க்கு பூமியின் மையத்திலிருந்து 38,000 கி.மீ. தூரத்தில் கடந்துபோகிறது. டிவி செயற்கைக்கோள்களே மையத்திலிருந்து 42,000-க்கு மேலேதான் சுற்றுகின்றன. நம் நேரத்துக்கு 14-ம் தேதி விடியற்காலை 3:16, சித்திரை ஒண்ணு. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிற மாதிரி, சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இதைப் பிடித்தேன்.

ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் இணையச் சேவையிலிருந்து கல்லின் 2029 ஜனவரி 1-க்கான நிலையும் திசைவேகமும், கோள்கள் எங்கே இருக்கும் என்பதற்கு டிஇ440எஸ் கோப்பு, மிச்சமெல்லாம் பைத்தான். முதல் ஓட்டத்தில் ஒரு நாளுக்கு ஒரு ஸ்டெப் வைத்த புண்ணியவான் நானேதான். கல் நெருங்கி வரும் வேகத்துக்கு ஒரு நாளில் ஐந்து லட்சம் கி.மீ. தாண்டிவிடும், நிலாவின் தூரத்தைவிட அதிகம். ஒரு ஸ்டெப் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். நடுவில் பூமி என்று ஒன்று இருந்ததே கணக்குக்குத் தெரியவில்லை. ஸ்டெப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் டிஓபி853 என்ற கணக்கு முறைக்கு மாறியதும் அது தீர்ந்தது.

தீராதது அதற்கப்புறம் வந்தது. தூரம் ஒட்டவே இல்லை, நெருங்கும் நேரமும் நிமிடக் கணக்கில் தள்ளிப்போனது. துல்லியத்தை எவ்வளவு இறுக்கினாலும் அதே பிசகு, அச்சு அசலாக. நேர அளவைச் சந்தேகப்பட்டேன். ஹொரைசன்ஸின் வெக்டர்கள் டிடிபி நேரத்தில் (கோள் கணக்குகளுக்கான சீரான நேர அளவு) வரும், யுடிசி என்கிற உலக நேரத்தோடு 69 வினாடி வித்தியாசம். அந்த 69 வினாடியில் பூமி இரண்டாயிரம் கி.மீ. ஓடிவிடும் என்பதால், இதுதான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பார்த்தால் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன்! சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

ஏழாம் நாள் கல்லை விட்டுவிட்டு பூமியை மட்டும் சோதித்தேன். சூரியனிலிருந்து என் பூமியின் தூரம், ஹொரைசன்ஸ் பூமியின் தூரம், இரண்டையும் கழித்து இந்த வருடம் முழுவதற்கும் வரைந்தேன். நேர்கோடு வர வேண்டிய இடத்தில் அழகான அலை. மேலே ஒரு 4,600 கி.மீ., கீழே ஒரு 4,600. நாலு நாள் அதை வெறித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தேதிகளைச் சுவரில் இருந்த தினசரி காலண்டரோடு ஒப்பிட்டால், பள்ளம் எல்லாம் அமாவாசை, மேடு எல்லாம் பௌர்ணமி.

நான் எடுத்தது பூமியையே இல்லை. கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 3 என்பது பூமியும் நிலாவும் சேர்ந்த ஈர்ப்பு மையம். பூமி 399. இரண்டுக்கும் நடுவே சராசரி 4,670 கி.மீ. அந்தப் புள்ளி பூமிக்கு உள்ளேயேதான் இருக்கிறது, அதனால் மற்றக் கோள்களின் கணக்கில் யாருக்கும் உறைக்காது. கல் காதோரம் உரசிப் போகும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். 0-விலிருந்து (சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையம்) 3, 3-லிருந்து 399 என்று இரண்டு வெக்டரைக் கூட்டி, நிலாவைத் தனி நிறையாகப் பிரித்தேன். ஒரு வரி மாற்றம். வெட்கக்கேடு.

இந்தக் கல்லுக்கு 2004 டிசம்பரில் இதே 2029 தேதிக்கு மோதல் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. அந்த வருட மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அகப்பட்ட பிறகுதான் அடங்கியது. அந்த வாரம் கணக்குப் போட்டவர்களின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

நடுவில் ஒரு புலம்பல். மிக நெருங்கும் நேரத்தில் அது அட்லாண்டிக் மேலே, நமக்கு அடிவானத்துக்குக் கீழே. ஆனால் 13-ம் தேதி முன்னிரவில் மாட்டும் என்று ஆசைப்பட்டு இப்போதே ஒரு 10×50 பைனாகுலர் வாங்கினேன். வந்தது இரட்டைப் பார்வை காட்டுகிறது, வியாழன் இரண்டாகத் தெரிகிறது. திருப்பி அனுப்பினால் “ஃபோகஸ் பண்ணிப் பாருங்க சார்” என்று பதில். ப்ரிஸம் நகர்ந்ததற்கு ஃபோகஸ் என்ன செய்யும்?

மிச்சம் ஒன்பது கி.மீ.க்கு என் சந்தேகம் ஐன்ஸ்டீனின் சார்பியல் திருத்தம், இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் ஆவல் தாங்காமல் கணக்கை 2030 வரை ஓட்டிவிட்டேன். வருவதற்கு முன் 324 நாளில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது, பூமி இழுத்துவிட்ட பிறகு 420 நாள் சொச்சம் ஆகிவிட்டது. ஏட்டன் வகையாக (ஒரு வருடத்துக்குள் சூரியனைச் சுற்றுவது) உள்ளே வந்து அப்போலோ வகையாக (அதற்கு மேல் எடுப்பது) வெளியே போகிறது. ஆரம்ப நிலையை ஒரே ஒரு கி.மீ. நகர்த்தி மறுபடி ஓட்டினால் கடந்துபோன பிறகு எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். சார்பியல் அதற்கப்புறம்.